தாமதத்துக்குக் காரணம்

என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவர். பஸ்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு தகர அறை. அதில் ஒரு ஜன்னல், ஒரு மேஜை, சுவரில் ஒரு கடிகாரம், இவர் கழுத்தில் ஒரு விசில். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று ஒரு பெரிய நோட்டில் எழுதுவார். அந்த நோட்டில் கடைசிக் கட்டத்துக்கு மேலே ‘தாமதத்துக்குக் காரணம்’ என்று அச்சடித்திருக்கும். மற்றவர்கள் ஷிப்டில் அந்தக் கட்டத்தில் பஞ்சர், மழை, ரயில்வே கேட் என்று ஏதாவது இருக்கும். இவர் ஷிப்டில் அது பக்கம் பக்கமாகக் காலியாக இருக்கும். ரிட்டயர் ஆன அன்று இவர் கழுத்தில் மாலை போட்ட அதிகாரி அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றித்தான் கால் மணி நேரம் பேசினார். இவர் மேடையில் உட்கார்ந்து, அந்தப் பேச்சு எத்தனை மணிக்கு முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியில் கேட்டால் அவரைத் தங்கமான மனுஷன் என்பார்கள். குடி இல்லை, சீட்டு இல்லை, ஒருத்தரை அதட்டிப் பேசியது இல்லை. கூட இருந்து பார்த்தால்தான் தெரியும். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று எட்டு நிமிஷம் ஆச்சு என்பார். உள்ளே நான் என்ன குடித்தனமா நடத்துகிறேன்? கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தல்காரனுக்கு முன்னால் நாங்கள் போய் நிற்போம். எங்கள் மகள் சின்ன வயதிலேயே அவருக்குப் பெரிய முள் என்றும் எனக்குச் சின்ன முள் என்றும் பேர் வைத்துவிட்டாள். பெரிய முள் ஓடும், சின்ன முள் பின்னாலேயே நகரும். நாற்பது வருஷம் அப்படித்தான் நகர்ந்தேன்.

நாற்பதாவது கல்யாண நாளுக்கு மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து எங்களைச் சொகுசுக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். ஒன்பது நாள், நாலு துறைமுகம். கொடுத்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒருத்தர் நிற்கலாம், இரண்டு பேர் நின்றால் ஒருத்தர் கட்டிலில் உட்கார வேண்டும். விளக்கை அணைத்துவிட்டால் பகலா ராத்திரியா என்று தெரியாது. எனக்கு மூச்சு முட்டியது. அவருக்கோ அறை ரொம்பப் பிடித்துப்போயிற்று, கடிகாரம் சொல்வதை மறுத்துப் பேச ஒரு ஜன்னல் கூட இல்லையே.

நான் இந்தப் பயணத்துக்குத் தலையாட்டியதற்கு ஒரே காரணம் மூன்றாவது துறைமுகம். அங்கேதான் என் தங்கச்சி இருக்கிறாள். கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனவள். நடுவில் ஒரு தரம் வந்தாள், அதுவும் பதினாலு வருஷத்துக்கு முன்னால். அப்புறம் பிள்ளை படிப்பு, அவள் வீட்டுக்காரர் வேலை என்று தள்ளிக்கொண்டே போனது. இப்போது கண் போய்க்கொண்டிருக்கிறது. பார்வையின் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்து, அது மாதத்துக்கு மாதம் பெரிதாகிறதாம். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. டாக்டர் அதற்கும் கெடு வைத்துவிட்டார். போன வருஷம் போனில் அவள் சொன்னாள்.

“அக்கா, கண்ணு இருக்கும்போதே உன் மூஞ்சிய ஒரு தடவ பாத்துடணும். அப்புறம் நீ வந்தா என்ன, வராட்டி என்ன.”

அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கப்பல் கரையில் நின்றால் ஊர் பார்க்க இரண்டு வழி. கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் பஸ்ஸில் போகலாம், இல்லை நாமாக இறங்கி டாக்ஸி பிடித்து எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம். ஒரே ஒரு வித்தியாசம். கப்பல் ஏற்பாடு செய்த பஸ் வழியில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய் மாட்டிக்கொண்டால் காத்திருக்காது, கையசைக்கவும் ஆள் இருக்காது. முதல் நாள் கூட்டத்தில் இதைச் சொன்னபோதே அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நாலு ஊருக்கும் பஸ்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் ஊரில் சட்டையிலும் புடவையிலும் பன்னிரண்டு என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பன்னிரண்டு என்று எழுதிய மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழிகாட்டி முன்னால் போவார், முப்பத்தெட்டுப் பேர் பின்னால் போவோம். கோட்டைக்கு நாற்பது நிமிஷம், கடற்கரைக்குப் பத்து, பொம்மையும் சாமானும் விற்கும் கடைக்கு ஐம்பது. கடற்கரையில் நான் செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இவர் முதல் ஆளாக பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது ஊரும் அதே கதைதான். கோட்டைக்குப் பதில் அரண்மனை, கடை மட்டும் அதே மாதிரி. அந்த ஊரில் தன்பாட்டுக்குச் சுற்றப் போன ஒரு ஜோடி, கப்பல் கிளம்ப மூன்று நிமிஷம் இருக்கும்போது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது. மேல்தளத்தில் நின்று எல்லோரும் கைதட்டினார்கள். இவர் மட்டும் என் பக்கம் திரும்பி, பார்த்தாயா என்று கண்ணால் கேட்டார்.

மூன்றாவது ஊருக்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பாட்டுக் கூடத்தில் வைத்து நான் சொல்லிவிட்டேன். நாளைக்கு பஸ் வேண்டாம், டாக்ஸி பிடித்து நேரே தங்கச்சி வீட்டுக்குப் போவோம், நாலு மணி நேரம் அவளோடு இருந்துவிட்டு வருவோம் என்று. அவர் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. அவள் வீடு ஊரின் அந்தக் கோடியில், போக முக்கால் மணி நேரம், டாக்ஸிக்காரன் பாஷை தெரியாது, பாலத்தில் நெரிசல் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். எல்லாவற்றையும் முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்கிறார். அப்படியானால் நான் மட்டும் போகிறேன் என்றேன். போ என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. பயம் அவருக்கு மட்டும்தான் என்று சொன்னால் அது பொய். நாற்பது வருஷத்தில் பக்கத்துத் தெருவுக்குக் கூட நான் தனியாகப் போய்ப் பழகவில்லை. அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. இத்தனை வருஷம் வாயில் வராத பேச்சு அப்போது வந்துவிட்டது.

“ஒரு தடவ உங்க டைம்முக்காக எங்கம்மாவ விட்டேன். இப்ப இவளையும் விடணுமா?”

விஷயம் இதுதான். முப்பத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், அம்மாவுக்கு ரொம்ப மோசம், உடனே வா என்று ஆள் வந்து சொன்னான். மூன்று வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். எங்கள் ஊர்ப் பக்கம் போகும் பஸ் பத்து நாற்பதுக்கு. வாசலுக்குள் நுழையும்போது பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. ஜன்னல் வழியாக இவர் என்னைப் பார்த்தார். நான் கையை ஆட்டினேன். இவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், விசிலை ஊதினார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் பன்னிரண்டேகாலுக்கு. நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவைக் கீழே இறக்கிக் கிடத்தியிருந்தார்கள். கடைசி வரைக்கும் பெரியவ வந்துட்டாளா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாளாம். பக்கத்தில் உட்கார்ந்து, வந்துட்டிருக்காம்மா என்று பதில் சொன்னவள் இந்தத் தங்கச்சிதான். எல்லாக் காரியமும் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு இவர் ஒன்றே ஒன்று சொன்னார். பொண்டாட்டிக்காக நிறுத்தினால் நாளைக்கு யாருக்கும் நிறுத்தமாட்டேன் என்று சொல்ல முடியாதாம். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் தட்டைத் தள்ளி வைத்தார். அப்புறம் பையிலிருந்து மறுநாள் பஸ் விவரம் அச்சடித்த தாளை எடுத்து விரித்தார். சாமான் கடை தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது, பத்து நிமிஷ நடை. பஸ் அங்கே இரண்டு பத்துக்கு வந்து மூன்று மணிக்குக் கிளம்பும், ஐம்பது நிமிஷம் முழுதாகக் கிடைக்கும், அவளை அங்கே வரச் சொல் என்றார். நாலு மணி நேரம் கேட்ட இடத்தில் ஐம்பது நிமிஷம். அதையும் ஒரு பொம்மைக் கடையில் நின்றுகொண்டு. எனக்கு வேறு வழி தெரியவில்லை, சரி என்றேன். ஒன்றை மட்டும் கேட்டேன். அவள் ஊர்க் கடிகாரம் இந்தக் கப்பல் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஆச்சே, இந்த இரண்டு பத்து எந்த இரண்டு பத்து? அவர் அன்றைய அறிவிப்புத் தாளைக் காட்டினார். நாளைக்கு யாரும் கடிகாரத்தை மாற்ற வேண்டாம் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“வித்தியாசம் இருந்தா மாத்துங்கன்னுதான போடுவான்? டைம் விஷயத்துல எனக்குச் சொல்லித் தர்றியா?”

நேரம் விஷயத்தில் அந்த மனுஷன் ஒரு தரம் கூடத் தப்பியதில்லை. அவர் சொல்லச் சொல்லக் கப்பல் போனிலிருந்து தங்கச்சிக்குச் செய்தி அனுப்பினேன்.

மறுநாள் வழிகாட்டி ஒரு பெண், முப்பது வயதிருக்கும், குரல் கணீரென்று இருந்தது. பஸ் ஏறியதும் சட்டத்தைச் சொன்னாள். ஒரு ஆள் குறைந்தாலும் வண்டி இருபது நிமிஷம் நிற்கும், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கூட நிற்காது, கப்பலுக்குத் தகவல் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம் என்றாள். இவர் தலையை ஆட்டினார். நல்ல ரூல் என்று என்னிடம் சொன்னார். கோயில் மாதிரி ஏதோ ஒன்று காட்டினார்கள், பூங்கா காட்டினார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. தங்கச்சிக்கு வாங்கிய புடவையும் அம்மா படமும் வைத்திருந்த பையை மடியில் வைத்து, அதன் வாரைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

இவர் கைக்கடிகாரத்தில் சரியாக இரண்டு பத்துக்குக் கடை வந்தது. வாசலில் நின்றேன். இரண்டு இருபது, இரண்டு முப்பது. வருகிற ஒவ்வொரு பெண்ணையும் பார்த்தேன். தடுமாறி எங்கேயாவது விழுந்திருப்பாளோ, ரோட்டைத் தாண்டும்போது ஏதாவது ஆகியிருக்குமோ என்று நினைப்பு ஓடியது. என் போன் கரையில் வேலை செய்யாது. வழிகாட்டியிடம் போன் கேட்கலாம் என்று கடைக்குள் போனேன். கல்லாவுக்கு மேலே சுவரில் ஒரு கடிகாரம். அதில் ஒன்று நாற்பத்தைந்து.

முதலில் கடிகாரம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். நொடி முள் ஓடிக்கொண்டிருந்தது. வழிகாட்டியைக் கேட்டேன். அது ஊர் நேரம், உங்கள் தாளில் இருப்பதெல்லாம் கப்பல் நேரம், கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாது, அதைத்தான் அப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று சாதாரணமாகச் சொன்னாள். இவர் பக்கத்தில்தான் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் ஒரே ஒரு சுவரில் ஒரே ஒரு கடிகாரத்தைப் பார்த்த மனுஷன், ஒரு ஊரில் இரண்டு நேரம் ஓடும் என்று எப்படி நினைப்பார்? அப்போது எனக்கு இந்த இரக்கமெல்லாம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

வழிகாட்டி போனில் தங்கச்சியைப் பிடித்தேன். அவள் நிதானமாகப் புடவை கட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னும் நேரம் இருக்கே அக்கா என்கிறாள். அப்படியே கிளம்பி வா என்றேன். மற்றவர்களுக்குப் பத்து நிமிஷ நடை, அவளுக்கு இருபது. இன்னும் பதினைந்து நிமிஷத்தில் பஸ் போய்விடும். வழிகாட்டி கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவள் நல்ல பெண்தான், கண் கலங்கியது. ஆனால் வெளியாளுக்காக வண்டியை நிறுத்தினால் தன் வேலை போய்விடும் என்றாள். எங்கேயோ கேட்ட பேச்சாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன், இவர் அங்கே இல்லை. வழக்கம்போல முதல் ஆளாக பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். எனக்கு அவர்மேல் எச்சில் துப்பவும் மனசில்லை.

கப்பல் கணக்கில் மூன்று மணிக்கு எல்லோரும் ஏறினோம். நானும் ஏறினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஏறாமல் எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நேரத்துக்கு வந்து நிற்பதற்கென்றே வளர்த்த ஆடு நான். வழிகாட்டி தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். முப்பத்தேழு. மறுபடியும் எண்ணினாள். அப்போதுதான் என் பக்கத்து சீட் காலியாக இருப்பதைப் பார்த்தேன்.

டிரைவர் கீழே இறங்கித் தேடினார். கடைக்குப் பின்னால் கழிப்பறையில் ஒரு கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது, தட்டினால் பதில் இல்லை, கனைக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது என்று வந்து சொன்னார். வயிற்றுக் கோளாறு போலிருக்கிறது என்று முன் சீட்டில் யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வீட்டில் கழிப்பறைக்குள்ளும் கடிகாரம் மாட்டி வைத்திருக்கிற ஆள் அவர், நாலு நிமிஷத்துக்கு மேல் உள்ளே இருந்ததே கிடையாது. எனக்குப் புரிந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டோரம் போய் நின்றேன். வழிகாட்டி என்னைத் தடுக்கவில்லை.

மூன்று எட்டுக்குத் தங்கச்சி வந்தாள். கடைச் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் நின்று, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒரு கணம் திக்கென்றது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, நேரே பார்த்தால் நடுவில் கறுப்பு வட்டம், ஓரக்கண்ணால்தான் அவளால் பார்க்க முடியும். பார்க்கிறவர்களுக்கு அவள் என்னோடு கோபித்துக்கொண்டு நிற்பது மாதிரி இருந்திருக்கும்.

“கிட்ட வாக்கா. இன்னும் கிட்ட.”

மூக்கும் மூக்கும் இடிக்கிற அளவுக்குப் போனேன். அவள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி என்னைத் துண்டு துண்டாகப் பார்த்தாள். ஒரு தரம் நெற்றி, ஒரு தரம் வாய். அம்மா மாதிரியே ஆயிட்டே என்று சொல்லி அழுதாள். சேர்த்து வைத்திருந்த பேச்சில் ஒன்று கூட வரவில்லை. புடவை பிடித்திருக்கிறதா என்று கேட்டேன், கலர் என்னவென்று அவள் கேட்டாள், பச்சை என்றேன். மாமா எங்கே என்று கேட்டாள். உள்ளே இருக்கிறார், வருவார் என்றேன். அவள் கை என் கன்னத்திலேயே இருந்தது.

மூன்று பத்தொன்பதுக்குக் கழிப்பறைக் கதவு திறந்தது. இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். தங்கச்சியிடம் வந்து கையைக் கூப்பினார், அது அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ. அப்புறம் வழிகாட்டி முன்னால் போய் நின்றார்.

“பத்தொம்பது நிமிஷம் லேட்டும்மா. காரணம்னு என் பேர எழுதிக்குங்க.”

அவளிடம் ஏது நோட்டு? தலையை மட்டும் ஆட்டினாள். நாங்கள் ஏறினோம். பஸ் திரும்பும்போது தங்கச்சி எங்களுக்குத் தோளைக் காட்டிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் சாய்த்து நின்றிருந்தாள். எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலத்தில் நெரிசல். நாங்கள் போய்ச் சேரும் வரை கப்பல் நாலு நிமிஷம் காத்திருந்தது. நாற்பது வருஷத்தில் எனக்காக ஒரு வண்டி நின்றது அன்றைக்குத்தான்.

அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். அவர் எனக்கும் கதவுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்தார். எத்தனை நிமிஷம் பேசினீர்கள் என்று கேட்டார். பதினொன்று என்றேன். இன்னும் ஒரு நிமிஷம் உள்ளேயே இருந்திருக்கலாம், இருபது வரைக்கும் ரூல் இருந்ததே என்றார். அப்புறம் இன்னொன்று கேட்டார்.

“அன்னைக்கு உனக்கு எத்தன நிமிஷம் வேண்டியிருந்துச்சு?”

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

“அரை நிமிஷம்.”

அவர் அங்கேயே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்குவது தெரிந்தது. முப்பத்துமூன்று வருஷமாக எனக்கென்று சொந்தமாக இருந்தது அந்தக் கோபம் ஒன்றுதான். அவர் எட்டு நிமிஷம் ஆச்சு என்று கதவைத் தட்டும்போதெல்லாம் உள்ளே அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு கழிப்பறைக்குள் பத்தொன்பது நிமிஷம் உட்கார்ந்து அதையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மன்னிக்கவும் மனசு வரவில்லை, திட்டவும் வாய் வரவில்லை. கப்பல் கிளம்பிய நடுக்கம் கட்டிலில் தெரிந்தது. எழுந்து வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று பார்த்தேன். போவதென்றால் அவர் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்படியே உட்கார்ந்திருந்தேன்.